சூடேறாத ஓவனும் வீண் பழியும்

சோறு குழைந்தாலும், கேக் வேகாமற் போனாலும், வீட்டில் முதலில் விசாரணைக்கு உள்ளாவது சமைத்தவரின் கைதான். அடுப்பை எவரும் கேள்வி கேட்பதில்லை. அடுப்பு எரிகிறது, ஆகவே அதில் குறையில்லை என்று முடிவு கட்டிவிடுவது உலக வழக்கம். ஆனால் எரிவது வேறு. வேண்டிய அளவு சூட்டைத் தருவது வேறு. இவ்வேறுபாடு தெரியாத காரணத்தால் ஒரு குடும்பத்தின் பிழைப்பே தடுமாற நேர்ந்ததையும், அது எவ்வாறு சீர்பட்டது என்பதையும் வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். கேஸ் ஓவன் வைத்திருக்கும் இல்லங்களுக்கு இது பயன்படலாம்.

தூத்துக்குடியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் எங்கள் மதினி வசிக்கிறார். அண்ணன் மறைந்த பின்னர், கிறிஸ்துமஸ் காலத்தில் கேக் செய்து கொடுப்பதே அவருக்கு ஆண்டின் பெரிய வருவாய். இளைய மகளின் கல்லூரிக் கட்டணம் அதிலிருந்துதான் செல்ல வேண்டும். 2022 ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில், அவர் முதன்முதலாகக் கொடுத்த மூன்று கேக்குகளைப் பற்றியும் குறை வந்தது. மேற்புறம் வெளுத்து, நடுப்பகுதி அமிழ்ந்து, கத்தியை விட்டால் ஈரமாவு ஒட்டிக்கொண்டு வந்தது. வயதாகிவிட்டது, கை தளர்ந்துவிட்டது என்றார் ஒருவர். முட்டையையும் வெண்ணெயையும் மிச்சப்படுத்துகிறார் என்றார் மற்றொருவர். சில நாள்களில் மதினியே அதை நம்பத் தொடங்கிவிட்டார். "இந்த ஆண்டோடு நிறுத்திவிடுகிறேன், தம்பி. என் கையில் இனி ஒன்றும் இல்லை" என்று அவர் சொன்னபோது எங்களுக்குப் பொறுக்கவில்லை. பதினெட்டு ஆண்டுகள் தவறாத கை ஒரே வாரத்தில் தவறுமா? ஆகவே கணவனும் மனைவியுமாக நாங்கள் மதினியை விட்டுவிட்டு, அவருடைய ஓவனை விசாரிக்கத் தலைப்பட்டோம்.

இவ்விசாரணைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. எளியதிலிருந்து தொடங்கி அரியதற்குச் செல்ல வேண்டும்.

முதற்கேள்வி: சூடு குறைவது ஓவனில் மட்டுமா, மேலேயுள்ள அடுப்புகளிலுமா? எல்லாவற்றிலும் தீ தளர்ந்திருந்தால் குறை பொதுவானது. சிலிண்டர் தீரும் தறுவாயில் இருக்கலாம், ரப்பர் டியூப் மடங்கியோ நசுங்கியோ கிடக்கலாம், ரெகுலேட்டர் பழுதுபட்டிருக்கலாம். இன்று சில நகரங்களில் குழாய் வழியே இயற்கை எரிவாயு வருகிறது. சிலிண்டர் வாயுவுக்கென்று செய்த அடுப்பை, ஜெட்டை மாற்றாமல் குழாய் வாயுவில் இணைத்தாலும் தீ சோர்ந்துதான் எரியும். சம அளவு இயற்கை வாயு தரும் வெப்பம், சிலிண்டர் வாயு தருவதில் பாதிக்கும் குறைவு என்பதால் அதற்குப் பெரிய துளையுள்ள ஜெட் வேண்டும். மதினியின் ஓவனோ சிலிண்டரில் இயங்குவது. மேலடுப்புகள் நான்கும் நீல நிறமாக வீறுடன் எரிந்தன. ஆகவே குறை ஓவனுக்குள்ளேயே இருந்தது.

இரண்டாவது கேள்வி: தீயின் நிறம் என்ன? செருமானிய வேதியியல் அறிஞர் ராபர்ட் பன்சன் 1855 ஆம் ஆண்டளவில் தம் ஆய்வுக்கூடத்திற்கு அமைத்துக்கொண்ட விளக்கின் தத்துவமே நம் வீட்டு அடுப்புகளிலும் உள்ளது. வாயு எரிவதற்கு முன்னரே ஓரளவு காற்றுடன் கலந்துவிட வேண்டும் என்பதே அது. சிலிண்டர் வாயு ஒரு பங்கு முழுமையாக எரிய, காற்று ஏறத்தாழ 25 முதல் 30 பங்கு வரை தேவை. காற்றுத் துளையைத் தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ பூச்சிக் கூடோ அடைத்துக்கொண்டால், தீ மஞ்சளாகிக் கரி படியும், சூடும் குறையும். அதனினும் கொடியது, கார்பன் மோனாக்சைடு என்னும் மணமற்ற நச்சுவாயு தோன்றுவதாகும். மதினியின் ஓவனில் தீ நீலமாகத்தான் இருந்தது. கடற்காற்றில் துருவேறிச் சில துளைகள் மட்டும் அடைபட்டிருந்தன. ஓவன் முற்றிலும் ஆறியபின் அவற்றைப் பிரஷ் கொண்டு துடைத்தோம். தீ வரிசை சீரானது. ஆனால் கேக் சீராகவில்லை.

மூன்றாவது கேள்வி: குமிழை விட்டதும் தீ அணைகிறதா? சில ஓவன்களில் தீயின் அருகே சிறு விரல் போன்ற ஓர் உறுப்பு இருக்கும். அதற்குத் தெர்மோகப்பிள் என்று பெயர். இருவேறு உலோகங்களின் இணைப்பைச் சூடாக்கினால் மின்விளைவு தோன்றும் என்று தாமஸ் சீபெக் 1821 ஆம் ஆண்டில் கண்டறிந்ததன் பயன் இது. தீ எரியும்வரை அது மிகச் சிறிதளவு மின்சாரத்தைத் தந்து வாயுவின் வால்வைத் திறந்து வைத்திருக்கும். தீ அணைந்தால் வால்வு மூடிக்கொள்ளும். அது பழுதானால் தீ நிலைக்காது. மதினியின் ஓவனில் தீ நிலைத்தது.

நான்காவதாக, கண்ணை நம்பாமல் கருவியை நம்பினோம். ஓவனுக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்றைக் கடையிலிருந்து வாங்கி வந்து, நடுத்தட்டில் வைத்தோம். குமிழை 180 பாகைக்குத் திருப்பி, 20 நிமிடங்கள் காத்திருந்து, பின்னர் ஒரு மணி நேரத்தில் ஐந்து முறை பார்த்துக் குறித்துக்கொண்டோம். ஓவனின் சூடு சற்று ஏறியும் இறங்கியும் நிற்பது இயல்பாதலால் ஒருமுறை பார்த்தது போதாது. ஐந்து முறையும் 135-க்கும் 145-க்கும் இடையிலேயே இருந்தது. குமிழ் 180 என்கிறது. உள்ளே இருப்பதோ 140! அத்தாளை மதினியின் கையில் கொடுத்தோம். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்மீது சுமத்தப்பட்ட பழியில் பாதி அன்றே நீங்கியது.

மீதிப் பாதி காரணத்தில் இருந்தது. கதவிடுக்கில் ஒரு தாளை வைத்துக் கதவை மூடி, மெல்ல இழுத்துப் பார்த்தோம். தாள் எளிதில் நழுவி வந்தால் கதவு நன்கு பொருந்தவில்லை, சூடு வெளியேறுகிறது என்று பொருள். எப்பக்கத்திலும் தாள் நழுவவில்லை. அடித்தட்டின் இடைவெளிகளை அலுமினியத் தாளோ அகன்ற தட்டோ மறைக்கவும் இல்லை. அவை மறைக்கப்பட்டால் சூடான காற்று மேலேற வழியின்றிப் போகும்.

அதற்குமேல் எங்கள் கை செல்லலாகாது என்று மெக்கானிக்கை அழைத்தோம். சிலிண்டரை மூடிவிட்டு, டார்ச் வெளிச்சத்தில் அவர் காட்டியது எங்களை வியப்பில் ஆழ்த்தியது. ஓவனின் உட்சுவரில் மெல்லிய செப்புக்குழல் ஒன்றின் நுனியில் பென்சில் பருமனுள்ள ஒரு குமிழி பொருத்தப்பட்டிருக்கும். அதனுள் இருக்கும் திரவம் சூட்டில் விரிந்து, வேண்டிய சூடு வந்ததும் வாயுவைக் குறைக்கும். இதுவே தெர்மோஸ்டாட் இயங்கும் முறை. அக்குமிழியைத் தாங்கிய கிளிப் துருப்பிடித்து ஒடிந்துவிட்டது. குமிழி கீழே சரிந்து, தீயின் அனல் மேலெழும் இடைவெளியின் வாயிலில் தொங்கிக்கொண்டிருந்தது. ஓவன் முழுவதும் சூடேறுமுன்னரே அது மட்டும் சுட்டுப்போய், போதும் போதும் என்று தீயைத் தணித்துவிட்டது. சூட்டைச் சொல்ல வேண்டிய சாட்சி நிற்குமிடம் தவறியதால் சாட்சியமும் தவறிற்று. மதினியின் கையைப் பற்றித் தீர்ப்புச் சொன்னவர்களும் அவ்வாறே நின்றவர்கள்தாமே!

புதிய கிளிப் ஒன்று. வேலை அரை மணி நேரம். மறுபடி அளந்தபோது வெப்பமானி 175-க்கும் 185-க்கும் இடையில் நின்றது. அந்த டிசம்பரில் மதினி ஏற்றுக்கொண்ட 32 கேக்குகளும் குறையின்றி வெந்தன. கட்டணமும் உரிய நாளில் செலுத்தப்பட்டது. கை தளர்ந்தது என்றவர்கள் தம் சொல்லைத் திரும்பப் பெற்றதாகத் தெரியவில்லை. கேக்கை மட்டும் பெற்றுச் சென்றனர்.

இறுதியாகச் சில எச்சரிக்கைகள். பர்னரின் துளைகளைத் துடைக்கலாம்; ஜெட்டின் துளையில் ஊசியை விட்டுக் குடையலாகாது. பித்தளை மெத்தென்றது; துளை அகன்றால் வாயு அளவுக்கு மீறிப் பாயும். வாயு கசிகிறதா என்பதைச் சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டுமேயன்றித் தீக்குச்சி கிழித்துப் பார்த்தல் கூடாது. சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து தேங்கும். வாடை வந்தால் மின்விசையைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்னும் அவசர எண்ணை அழையுங்கள். ஓவன் பற்றத் தாமதமானால் குமிழை மூடி, கதவைத் திறந்து வைத்து, தேங்கிய வாயு முற்றிலும் அகலும்வரை காத்திருந்து, அதன் பின்னரே மீண்டும் பற்றவையுங்கள். தெர்மோஸ்டாட், வால்வு, ஜெட் ஆகியவற்றைப் பழுது பார்ப்பது தேர்ந்தவரின் வேலை.

கேக் வேலை தொடங்குமுன், ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஓவனின் சூட்டை அளந்து ஒரு தாளில் எழுதி, சமையலறைச் சுவரில் ஒட்டிவையுங்கள். குமிழின் எண்ணுக்கும் உள்ளிருக்கும் சூட்டுக்கும் உள்ள வேறுபாடு வீட்டிலுள்ள எல்லார் கண்ணிலும் படட்டும். அதன் பிறகு கேக் அமிழ்ந்தால், முதலில் அத்தாளைப் பார்ப்பார்கள். அதற்குப் பின்னரே செய்தவரின் முகத்தைப் பார்ப்பார்கள்.