வாழைக்கு வைக்கோல் சட்டை

லண்டனில் முதல் உறைபனி விழுந்து வாழை இலையெல்லாம் கருகித் தொங்கினால் மனசு பதறும். பதற வேண்டாம். இது மூசா பாஸ்ஜூ, தென்சீனத்து வாழை. பழம் தின்ன உதவாது, ஆனால் குளிர் தாங்கும். இலையை நறுக்கிவிட்டு, தண்டைச் சுற்றிக் கோழிவலை அடித்து, உள்ளே வைக்கோலைத் திணித்து, மழை இறங்காமல் மேலே மூடுகிறேன். பிளாஸ்டிக்கால் சுற்றவே கூடாது. உள்ளே வியர்த்துத் தண்டு அழுகிவிடும். குளிரைவிட ஈரம்தான் இதற்கு எமன்.

பக்கத்தில் நிற்கும் டிராகிகார்பஸ் பனைக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. மைனஸ் 10 டிகிரியையும் தாங்கும். கடும்பனி நாட்களில் குருத்தில் தண்ணீர் தேங்காதபடி மட்டைகளைச் சேர்த்துக் கட்டினால் போதும்.

ஏப்ரலில் வைக்கோலைப் பிரித்ததும் வாழைத்தண்டை விரலால் அமுக்கிப் பாருங்கள். கூழாக இருந்தால், கெட்டியான இடம் வரும்வரை வெட்டி இறக்குங்கள். அங்கிருந்தே குருத்து எழும்பும். தண்டு முழுக்கப் போனாலும் கிழங்கு பிழைத்திருந்தால் கன்று வெடிக்கும்.