ஒரே பெயர், ஒரே நோயன்று



'அந்த நோய்' என்றுதான் நம் இல்லங்களில் இன்றும் பலர் சொல்கின்றனர். புற்றுநோய் என்னும் பெயரை உரக்கச் சொன்னாலே அது வாசற்படி ஏறிவிடும் என்பதுபோல் குரலைத் தாழ்த்திக்கொள்கின்றனர். பெயரை மறைப்பதால் நோய் விலகுவதில்லை. அதைப் பற்றி நாம் அறிய வேண்டியவையே விலகிப்போகின்றன. அவற்றுள் முதன்மையானது இது: மார்பகப் புற்றுநோய் என்பது ஒரே பெயர், ஆயினும் அது ஒரே நோயன்று.

நான் மதரஸாவில் பாடம் சொல்பவன். கல்லூரியில் பயின்றது வரலாறு. மருத்துவம் என் துறையன்று. எனினும் கணவரை இழந்து எங்களோடு வாழும் என் ராத்தாவுக்கு இந்நோய் வந்தபோது, ஓர் ஆய்வறிக்கையைப் பொருள் விளங்கப் படிக்க வேண்டிய கட்டாயம் நேர்ந்தது.

அறுவை சிகிச்சைக்குப் பின் ராத்தாவுக்கு நாள்தோறும் ஒரு மாத்திரை மட்டுமே தரப்பட்டது. அடுத்த தெருவில் அதே நோய்க்கு ஆளான இளம்பெண்ணுக்கோ மூன்று வாரங்களுக்கு ஒருமுறை ஊசி வழியே மருந்து ஏற்றினார்கள். ஒருநாள் ராத்தா என்னையும் என் தம்பியையும் அழைத்து, "அந்தப் பிள்ளைக்கு அவ்வளவு பெரிய வைத்தியம், எனக்கு ஒரு மாத்திரைதானா? செலவுக்குப் பயந்துட்டீங்களா தம்பி?" என்று கேட்டார்கள். நாங்கள் இருவரும் வாயடைத்து நின்றோம். எங்களை வளர்த்தவர்களின் உள்ளத்தில் அப்படியோர் ஐயம் குடிகொள்ளலாமா?

மறுவாரமே அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் ஆய்வறிக்கையை விரித்துப் பொறுமையுடன் விளக்கினார். அவர் சொன்னதையும் பின்னர் நான் படித்தறிந்ததையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

கட்டியிலிருந்து எடுத்த சதையைப் பார்மலினில் ஊறவைத்து, மெழுகுக் கட்டியில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் சில ஆயிரத்திலொரு பங்கு கனமுள்ள மெல்லிய சீவல்களாக்கிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுகிறார்கள். அதன்மேல் ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டுமே தேடிப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை இடுகிறார்கள். அப்புரதம் இருக்குமிடம் பழுப்பு நிறமாகத் தோன்றும். இம்யூனோ ஹிஸ்டோ கெமிஸ்ட்ரி என்பது இதுவே. எதிர்ப்பொருளில் ஒளிரும் சாயத்தைப் பிணைத்துத் தேடும் வழியை 1941இல் ஆல்பர்ட் கூன்ஸ் குழுவினர் கண்டனர். ஒரே வகை எதிர்ப்பொருளை வேண்டிய அளவு உருவாக்கும் முறையை 1975இல் கோலர், மில்ஸ்டைன் இருவரும் கண்டறிந்து, 1984இல் நோபல் பரிசு பெற்றனர்.

மார்பகக் கட்டியில் முதன்மையாக மூன்று புரதங்களைத் தேடுகிறார்கள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி ஆகிய இரண்டும் உயிரணுவின் உட்கருவில் இருப்பவை. ஹெர்-2 அதன் மேலுறையில் இருப்பது. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருந்தால், பெண் உடலின் ஈஸ்ட்ரோஜனே அக்கட்டிக்கு உணவாகிறது என்று பொருள். அந்த உணவைத் தடுப்பதே மாத்திரையின் வேலை. மார்பகப் புற்றுநோய்களுள் பெரும்பான்மையானவை இவ்வகையினவே.

1896இல் கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் பீட்சன், கருப்பையின் இருபுறமும் உள்ள சினைப்பைகளை அகற்றினால் சில பெண்களுக்கு மார்பகக் கட்டி சுருங்குவதைக் கண்டு எழுதினார். சிலருக்கு மட்டும் ஏன் என்பது அன்று விளங்கவில்லை. 1950களின் இறுதியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் தொடங்கிய ஆய்வுகளே ஈஸ்ட்ரோஜன் ஏற்பியை வெளிப்படுத்தி அதற்கு விடை தந்தன.

ஹெர்-2 மிகுந்த கட்டிகள் விரைந்து பரவும் இயல்புடையவை என்பதை 1987இல் டென்னிஸ் ஸ்லாமன் குழுவினர் வெளியிட்டனர். அப்புரதத்தையே குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் என்னும் மருந்து 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது கட்டிகள் ஹெர்-2 வகையைச் சேர்ந்தவை. இதன் முடிவைச் சுழி, 1, 2, 3 எனக் குறிப்பார்கள். 3 என்றால் உண்டு. 2 என்றால் உறுதியில்லை, மரபணுவை நேரே காணும் ஃபிஷ் என்னும் மறுசோதனை வேண்டும்.

ராத்தாவுக்கு வந்தது 2. மறுசோதனையில் ஹெர்-2 இல்லையென உறுதியாயிற்று. இரு ஏற்பிகளும் 'பாசிட்டிவ்' என்றிருந்தன. அச்சொல்லைக் கண்டதுமே வீட்டில் அழுகை எழுந்தது. உண்மையில் அது மாத்திரைக்குக் கட்டி கட்டுப்படும் என்னும் நற்செய்தி. கட்டி சிறியது, அக்குள் கணுக்களுக்குப் பரவவில்லை, மாதவிடாய் நின்ற வயது. ஆகவேதான் மாத்திரை. அடுத்த தெருப் பெண்ணுக்கோ மூன்றுமே 'நெகட்டிவ்'. அவளுக்கு இம்மாத்திரையால் பயனில்லை. ஊசி மருந்தே முதன்மையான வழி.

ராத்தா கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார்கள். பிறகு, "அப்ப அந்த ஊசி எனக்கு வீண் வேதனைதானே! பாவம், அந்தப் பிள்ளைக்கு வேற வழியில்லையா?" என்றார்கள். அன்றிலிருந்து மாத்திரை ஒரு நாளும் தவறியதில்லை. அப்பெண்ணுக்கு வாரந்தோறும் கஞ்சி காய்ச்சி அனுப்புகிறார்கள்.

வாசகர்களே, உங்கள் குடும்பத்தில் எவருக்கேனும் இந்நோய் வந்தால் சிலவற்றை மனத்தில் இருத்துங்கள். எடுத்த சதை ஒரு மணி நேரத்திற்குள் பார்மலினில் இடப்பட வேண்டும். வெறும் உப்புநீரில் கிடந்தால் புரதம் சிதைந்து முடிவு பிழையாகக்கூடும். பரிசோதனைக் கூடத்திற்குப் புட்டியை உங்கள் கையிலேயே கொடுத்தனுப்பினால், அதில் இருப்பது பார்மலின்தானா என்று கேளுங்கள். மூன்று புரதங்களின் முடிவும் அறிக்கையில் உள்ளனவா என்று பாருங்கள். வேறு மருத்துவரிடம் கருத்துக் கேட்கச் செல்கையில் அறிக்கையோடு மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். பல்லாண்டு கழிந்தும் அதைச் சோதிக்க இயலும். நோய் மீண்டும் தலைகாட்டினால் மறுபடியும் இச்சோதனையைச் செய்யச் சொல்லுங்கள், புரதங்கள் மாறியிருக்கக்கூடும். பிறருக்குத் தரப்பட்ட சிகிச்சையைக் கேட்டு, நடந்துவரும் மருந்தை மருத்துவரைக் கலக்காமல் நிறுத்திவிடாதீர்கள்.