செங்கல் வைத்த இடம்

சுண்ணாம்புத் தூளைக் கைப்பிடி கைப்பிடியாக விட்டுக் கோடு இழுத்துக்கொண்டே வந்தவர், வேப்பமரத்துக்கு வடக்கே ஓர் இடத்தில் நின்றார். மரத்தடியில் கிடந்த இரண்டு செங்கற்களை எடுத்து வந்து நாலடி இடைவெளி விட்டு வைத்தார். பிறகு கோட்டைத் தொடர்ந்தார். எதற்கு என்று கேட்டேன். "கீரைக்காரம்மா இடமுங்க தம்பி. பேத்தி பிரசவத்துக்குப் போயிருக்குது. வர்றதுக்கு இன்னும் மூணு வாரம் ஆகும்," என்றார்.

பவானி ஆற்றுக்குத் தெற்கே, செவ்வாய்க்கிழமை தோறும் கூடுகிற சின்னச் சந்தை அது. குத்தகை எடுத்திருப்பவர், பேச்சுக்குப் பேச்சு, ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. சுற்றுவட்டாரத்தில் பெயர் பெற்றது புஞ்சை புளியம்பட்டியின் வியாழன் சந்தை. திங்கட்கிழமை குன்னத்தூர். இந்தப் பெரிய சந்தைகளுக்கு நடுவே விழும் கிழமைகளில்தான் இதுபோன்ற சின்ன ஊர்ச் சந்தைகள் பிழைக்கின்றன. வியாபாரிக்கு வாரம் என்பது கிழமைக்கு ஓர் ஊர். ஒரு கிழமை மாறினால் அவருடைய சுற்று மொத்தமும் குலைந்துவிடும்.

செங்கல் வைத்தவரை எல்லோரும் சீட்டண்ணன் என்கிறார்கள். வயது அறுபதை நெருங்குகிறது. காக்கி அரைக்கால் சட்டை, தோளில் ரெக்சின் பை, காதில் ஒரு பேனா. சுங்கச் சீட்டுக் கிழிப்பது அவர் வேலை. நான் பார்க்கப் போனது குத்தகைக்காரரைத்தான். சந்தை நடத்துவது அவர் என்று நினைத்திருந்தேன். அரை நாளில் அந்த எண்ணம் மாறிவிட்டது.

சந்தைச் சுங்கம் வசூலிக்கும் உரிமையை உள்ளாட்சி அமைப்புகள் ஏலம் விடுகின்றன. ஏலம் எடுத்தவர் பணத்தைக் கட்டிவிட்டு, தலைச்சுமைக்கு இவ்வளவு, விரிப்புக் கடைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த கட்டணத்தை வியாபாரிகளிடம் வாங்கிக்கொள்ளலாம். குத்தகைக் காலம் முடிந்தால் மறுபடி ஏலம், பெரும்பாலும் வேறு ஆள். இந்தச் சந்தையில் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் ஒன்பது குத்தகைக்காரர்கள் வந்து போயிருக்கிறார்கள் என்று சீட்டண்ணன் விரல் விட்டுச் சொன்னார். ஒன்பது பேரிடமும் சீட்டுக் கிழித்தவர் அவர்தான். யார் வந்தாலும் முதல் வாரம் அவரைத் தேடித்தான் வருகிறார்கள், ஏனென்றால் திடலில் யாருக்கு எந்த இடம் என்பது எந்தக் காகிதத்திலும் இல்லை.

இடம் பிரிப்பதில் அவருக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. நுழைகிற வாயிலில் வெங்காயமும் உருளையும். உள்ளே போகப் போகக் கத்தரி, வெண்டை, முருங்கை. வெளியேறும் பக்கம் தக்காளி, கீரை, கொத்தமல்லி. அதையும் தாண்டிப் பொரிக்கடை. "பையில அடீல போறத மொதல்ல வாங்கோணும், மேல போறதக் கடசீல வாங்கோணும். தக்காளிய மொதல்ல வாங்கிட்டா அதுமேல உருளக்கெழங்கக் கொட்ட முடியுங்களா?" கேட்டபோது எளிதாகத்தான் இருந்தது. ஆனால் எத்தனையோ சந்தைகளில் சுற்றியிருந்தும் என் கண்ணில் இது பட்டதே இல்லை.

கருவாட்டுக் கடைகள் நாலும் கிழக்கு ஓரம். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டுக்குள் அடிக்கிற காற்று மேற்கிலிருந்து வரும். கருவாட்டை மேற்கே வைத்தால் திடல் முழுக்க அந்த வாசம்; கிழக்கே வைத்தால் ஓடைப் பக்கமாகப் போய்விடும். நான் போனது ஆடியில். படுதாக்கள் படபடவென்று அடித்துக்கொண்டன, முளைக்குச்சிகளை இரண்டு தரம் அறைய வேண்டியிருந்தது. கருவாட்டுக்கார அக்காவின் பக்கத்தில் பத்து நிமிடம் நின்றேன். மூன்றடி மேற்கே வளையல் கடையில் இருந்த பெண்ணுக்கு வாசமே எட்டவில்லை.

மூன்று மணிக்கு வண்டிகள் வரத் தொடங்கின. தாளவாடி மலையிலிருந்து முட்டைக்கோசும் பீட்ரூட்டும் முந்தின நாளே இறங்கியிருந்தன. 2022 பிப்ரவரியில் திம்பம் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு வந்ததிலிருந்து இப்படித்தான், முன்பெல்லாம் விடிகாலையில் இறங்கி வருவோம் என்றார் மலைக்காய் வியாபாரி ஒருவர். காட்டுக்கும் அதிலுள்ள விலங்குகளுக்கும் அந்தக் கட்டுப்பாடு வேண்டியதுதான். அவரும் அதை மறுக்கவில்லை. ஒரு ராத்திரி தங்கும் செலவு கூடிவிட்டது, அவ்வளவுதான் அவர் சொன்னது.

நாலரைக்கு ஒரு இளம் தம்பதி மொபெட்டில் காளான் பெட்டிகளோடு வந்தார்கள். முதல் முறை வருகிறார்கள் என்பது அவர்கள் நின்ற விதத்திலேயே தெரிந்தது. செங்கல் வைத்த இடம் காலியாகக் கிடப்பதைப் பார்த்து அங்கேயே பெட்டியை இறக்கப் போனார்கள்.

"அங்க வேண்டாங்கம்மிணி, அது ஆள் இருக்கற இடம்."

"ஆளக் காணோமேங்ணா?"

"வருவாங்க. நீங்க இப்புடி வாங்க."

தக்காளிக்கும் பொரிக்கடைக்கும் நடுவே, இரண்டு பக்கமும் அரை அடி நகர்த்தி, அவர்களுக்கு இடம் செய்து கொடுத்தார். தக்காளிக்காரர் முணுமுணுத்தார். சீட்டண்ணன் பதில் சொல்லாமல் தன் கையாலேயே அவருடைய கூடையை நகர்த்தி வைத்தார். காளான் சீக்கிரம் வதங்கும், மேற்கு வெயில் படாத இடம் அதுதான் என்று பிறகு என்னிடம் சொன்னார். அன்றைக்கு அவர்களிடம் பாதிச் சுங்கம்தான் வாங்கினார். அதற்குக் குத்தகைக்காரரிடம் அவர் கேட்டுக்கொள்ளவில்லை, குத்தகைக்காரரும் ஒன்றும் சொல்லவில்லை.

இடம் என்பது வியாபாரியின் மூலதனத்தில் ஒரு பங்கு என்பதை நான் அங்கேதான் கண்ணால் பார்த்தேன். ஆறு மணிக்கு வேலை விட்டு வந்த பெண்கள் செங்கல்லுக்கு எதிரே வந்து தயங்கி நின்றார்கள். ஒருவர், "இன்னைக்கும் வல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் கீரை இருந்தும் வாங்காமல் போனார். அந்தப் பாட்டி கொண்டு வருவது அரைக்கீரையும் தண்டங்கீரையும், இரண்டு மூட்டை. அவருக்கு விளம்பரப் பலகையும் கடைப் பெயரும் வேப்பமரத்துக்கு வடக்கே அந்த நாலடிதான்.

2014-இல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம் இதை ஓரளவு புரிந்துகொண்டிருக்கிறது. விற்பவரும் வாங்குபவரும் வழிவழியாகக் கூடிவந்த இடத்தை இயற்கைச் சந்தை என்று அது குறிப்பிடுகிறது. நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்றும் சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டம் நகர்ப்புறத்துக்கானது. ஊராட்சித் திடலில் உட்காரும் கீரைக்காரப் பாட்டிக்கு அந்தக் குழு இல்லை. அவருக்கு இருப்பது இரண்டு செங்கல்லும், அதை எடுத்து வைக்க ஒரு மனிதரும்.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு ஊரில் புதிதாகக் கட்டிய சந்தையைப் பார்த்திருக்கிறேன். வரிசை வரிசையாக இடுப்பளவு உயர மேடைகள், மேலே தகரக் கூரை, மேடைக்கு எண். செலவு செய்து, நல்ல எண்ணத்தோடுதான் கட்டியிருந்தார்கள். நான் போன அன்று மேடைகளின் மேல் வெறும் சாக்குகள் கிடந்தன. கடைகள் நடைபாதையில் தரையில் இருந்தன. முழங்கால் வலியோடு வருகிற கிழவிகளால் மேடையேறி உட்கார முடியவில்லை. கூறு கட்டி விற்பவருக்கு அந்த அகலம் போதவில்லை. குலுக்கல் போட்டு எண் கொடுத்ததில் கருவாடு பூக்கடைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, இருபது ஆண்டு வாடிக்கை சிதறிவிட்டது. கட்டுவதற்கு முன் ஒரு சந்தை நாள் முழுக்க யாராவது அங்கே உட்கார்ந்திருந்தால் இவ்வளவும் தெரிந்திருக்கும். சீட்டண்ணனைப் போல ஒருவர் அந்த ஊரிலும் இருந்திருப்பார். அவரிடம் யாரும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

மேடைகளுக்கு ஆகிற செலவில் ஒரு பங்கு இருந்தால் சீட்டண்ணனின் திடலில் ஒரு கழிப்பறை கட்டிவிடலாம். கருவாட்டுக்கார அக்காவிடம் என் தண்ணீர் பாட்டிலை நீட்டியபோது வேண்டாமென்று தலையாட்டினார். "மதியத்துக்கு மேல நாங்க யாரும் தண்ணி குடிக்கறதில்லீங்க. குடிச்சா எங்க போறது?" சொல்லிவிட்டு நெத்திலியை அள்ளிப் போட்டார். திடலில் அன்று நான் எண்ணியவரை அறுபத்து நாலு கடை, அதில் முப்பத்தெட்டில் பெண்கள். மதியம் முதல் ராத்திரி ஒன்பது வரை. வாரம் ஆறு நாள், ஆறு ஊர். அத்தனை பேரும் சுங்கம் கட்டுகிறார்கள். அந்தக் காசில் ஏலத் தொகை நிற்கிறது. இவர்களுக்கு ஒரு கதவும் தாழ்ப்பாளும் உள்ள அறை கட்டித் தராத சந்தை எதுவும் என் கணக்கில் நன்றாக நடக்கிற சந்தை ஆகாது, கூட்டம் எவ்வளவு வந்தாலும் சரி.

பொழுது இறங்க, விளக்குகள் ஏறின. ஒரு காலத்தில் பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு வரும். இப்போது பேட்டரியில் எரியும் வெள்ளை பல்பு. ஏழிலிருந்து எட்டரை வரை திடலில் கால் வைக்க இடமில்லை. போண்டாக் கடையில் எண்ணெய் கொதித்தபடியே இருந்தது. தறிக்குப் போய்த் திரும்பியவர்கள் நின்றபடியே இரண்டு போண்டா தின்றுவிட்டு, வீட்டுக்கு நாலைத் தாளில் கட்டிக்கொண்டு, அப்புறம்தான் காய்ப் பக்கம் போனார்கள். வெறும் வயிற்றோடு வருகிறவன் பேரம் பேச மாட்டான், சண்டைதான் போடுவான். அதனால்தான் போண்டாக் கடையை உள்வாயிலில் போட வைத்தேன் என்று சீட்டண்ணன் சொன்னார்.

எட்டரைக்குப் பிறகு விலைகள் சரிந்தன. இருபது ரூபாய்க் கூறு பத்துக்கு வந்தது. அந்த நேரத்துக்காகவே காத்திருந்து வருகிறவர்கள் உண்டு. அவர்கள் முகத்தைப் பார்க்காமல் அள்ளிப் போட்டார் கத்தரிக்காய்க்காரர், எடைக்கு மேலும் ஒரு கை.

குத்தகைக்காரர் மேசையில் சில்லறையை அடுக்கிக்கொண்டிருந்தார். 2020-இல் ஊரடங்கு வந்து சந்தைகள் மூடியபோது ஏலத் தொகையைக் கட்டிவிட்டுத் திடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். இன்னமும் அந்தக் கடன் இருக்கிறது. சீட்டண்ணனுக்கு அப்போது என்ன கிடைத்தது என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்து, "அவருக்குச் சந்தை அன்னைக்குக் கூலிதானுங்க. சந்தை இல்லாட்டி என்னங்க கெடைக்கும்?" என்றார். இருபத்தைந்து ஆண்டு வேலைக்கு அவரிடம் ஓர் அடையாள அட்டைகூட இல்லை.

ஒன்பதரைக்குத் திடல் காலி. முட்டைக்கோசு இலையும் வாழைச் சருகும் குவிந்து கிடந்தன. மாடு வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் கோணியில் அள்ளிக்கொண்டிருந்தார்கள். காலையில் குப்பை வண்டி வரும். சுண்ணாம்புக் கோடுகள் மிதிபட்டு எங்கோ ஓரிடத்தில் மட்டும் தெரிந்தன.

சீட்டண்ணன் டார்ச் அடித்தபடி வேப்பமரத்துக்கு வடக்கே போனார். இரண்டு செங்கற்களையும் எடுத்து, ஒட்டியிருந்த தக்காளித் தோலைத் துண்டால் துடைத்தார். மரத்தின் வேர்ச் சந்தில் பத்திரமாகச் செருகிவிட்டு வந்தார்.

"குப்பையோட அள்ளீருவாங்க தம்பி. அடுத்த செவ்வாக்கெழமைக்கு வேணுமுங்கல்ல."