ஆதிமூலமும் எங்க அப்பத்தாவோட பல்லும்

டேவிட் ஹாக்னி யாருன்னு கேட்டா நம்ம காலேஜ்லயே நாலு பேராவது சொல்லிடுவாங்க. நீச்சல் குளம் வரைஞ்ச பிரிட்டிஷ் ஓவியர், வயசான காலத்துல ஐபேட்ல படம் போட ஆரம்பிச்சவர், 2018-ல ஒரே ஓவியம் 9 கோடி டாலருக்கு ஏலம் போச்சே, அவர்தான். (ஏலக்காயை ஏலம் விடுற போடிக்காரனுக்கு அந்தத் தொகையைக் கேட்டதும் தலை சுத்திடுச்சு.) ஹாக்னி பத்தி யூடியூப்ல கிடைச்ச வீடியோ எல்லாம் பார்த்திருக்கேன்.

ஹாக்னி பிறந்தது 1937. அடுத்த வருஷம், 1938-ல, திருச்சி மாவட்டத்துல ஒரு கிராமத்துல கே.எம். ஆதிமூலம் பிறந்தார். அந்தப் பேரை நான் முதல்ல கேட்டது மூணாவது வருஷ லீவுல. வெட்கமாத்தான் இருக்கு, ஆனா உண்மை.

நான் எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ் பேசுவேன், வாட்ஸ்அப்ல இங்கிலீஷ் எழுத்துல டைப் பண்ணுவேன். ஒரு பக்கம் தமிழ் வாசிக்கணும்னா மூச்சு வாங்கும். அந்த லீவுல சித்தப்பா வீட்டு அலமாரியில கி. ராஜநாராயணனோட ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ கிடந்தது. எழுத்துக்காக எடுக்கலை, உள்ளே இருந்த படங்களுக்காக எடுத்தேன். கறுப்பு மசியில கோடு, கோடு, கோடு. கிட்டக்கப் பார்த்தா கிறுக்கின மாதிரி இருக்கு. கொஞ்சம் தள்ளி வச்சுப் பார்த்தா ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்கார், வெயில்ல காய்ஞ்சு போய்.

பக்கத்துல உட்கார்ந்து வெத்தலை போட்டுக்கிட்டிருந்த அப்பத்தா எட்டிப் பார்த்துச்சு. “இது யாருடா, நம்ம தேவாரத்துப் பெரியப்பா மாதிரியே இருக்காரு? என்ன எழுதியிருக்கு, வாசி”ன்னு சொல்லுச்சு.

வாசிச்சேன். ரெண்டு வரிக்குள்ள மூணு தடவை நின்னேன். அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முப்பது வருஷம் விடியக்காலை ஜீப்புல போடிமெட்டு ஏறி, கேரளா எஸ்டேட்ல ஏலக்காய் எடுத்துட்டுச் சாயங்காலம் இறங்கி வந்த ஆளு. அந்தக் காசுலயும் கொஞ்சம் எனக்கு ஃபீஸாப் போயிருக்கு. “இவ்வளவு கட்டிப் படிக்க வச்சு, சொந்தப் பாஷை திக்குதே”ன்னு சிரிச்சுச்சு. கேலிதான். இருந்தாலும் அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. மறுநாளிலிருந்து தினம் ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டினேன். கதை எனக்கு, படம் அப்பத்தாவுக்கு.

ஆதிமூலத்தைத் தேடிப் படிச்சதும் அந்த நாட்கள்லதான். விவசாயக் குடும்பம். சென்னைக்கு வந்து, 1960-கள்ல அங்கேயுள்ள ஓவியக் கல்லூரியில படிச்சார். கே.சி.எஸ். பணிக்கரும் சிற்பி தனபாலும் இருந்த காலம். 1969 காந்தி நூற்றாண்டு. அந்தச் சமயத்துல இவர் காந்தியை வெறும் கோட்டுல வரிசையா வரைஞ்சு தள்ளினார். நமக்கு நோட்டுல சிரிக்கிற காந்திதானே பழக்கம்? ஆதிமூலத்தோட காந்தி வேற. சில படங்கள்ல கோடு நடுங்குது, சிலதுல கல்லு மாதிரி நிக்குது. அதுக்கப்புறம் மகாராஜாக்கள். நகையும் தலைப்பாகையும் பிரமாதமா இருக்கும், உள்ளே ராஜா செல்லரிச்சுப் போயிருப்பார். எனக்கு மிகவும் பிடிச்சது அந்த ராஜாக்கள்தான்.

மசியில போட்ட கோட்டுக்கு அன்டூ கிடையாதுங்க. டேப்லெட்ல வரையறப்ப ஒரு கோட்டை இருபது தடவை போட்டு அழிக்கிறவன் நான். சரி, பேனாவுல ஒரு தடவை பார்ப்போம்னு அப்பத்தாவை உட்கார வச்சு வரைஞ்சேன். மூக்கு வந்துச்சு, பாம்படம் போட்டுத் தொங்கின காது வந்துச்சு. வாய்கிட்ட கோடு ஒண்ணு இழுத்துக்கிட்டு ஓடிப் போச்சு. சரி பண்ணப் பார்த்ததுல பல்லு மாதிரி ஆயிடுச்சு. அப்பத்தா வாங்கிப் பார்த்துட்டு, “போன பல்லையெல்லாம் திருப்பிக் கொண்டாந்துட்டியேடா”ன்னுச்சு. அந்தத் தாளை மடிச்சு ரேஷன் கார்டு கவருக்குள்ள வச்சுக்கிச்சு. இன்னும் அங்கேதான் இருக்கு.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். கோட்டுக்காகவே பேர் வாங்கின ஆதிமூலம், கேன்வாஸ்ல கோட்டை விட்டுட்டார். மனுஷ உருவமே இல்லாத, கத்தியால வழிச்சு வழிச்சுப் பூசின நிறப் பரப்புகள். பச்சை, நீலம், செம்மண் நிறம். நிலம்னு நினைச்சா நிலம், தண்ணின்னா தண்ணி. அதே சமயம் பத்திரிகைக்கும் புத்தக அட்டைக்கும் கோட்டுலயே வரைஞ்சுக்கிட்டும் இருந்தார். இதுக்கு நடுவுல நெசவாளர் சேவை மையத்துல உத்தியோகம் வேற. 2008 ஜனவரியில காலமானார்.

அந்த உத்தியோகத்துலதான் நான் சிக்கி நின்னேன். எனக்கு ஒரு ஐ.டி. கம்பெனியில வேலை கிடைச்சிருக்கு. டிசைன் படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதணும்னு ஆசையும் இருக்கு. ரெண்டுல ஒண்ணைத்தான் எடுக்கணும், கலைஞன்னா எல்லாத்தையும் உதறிட்டுப் போகணும்னு ஹாக்னி வீடியோ பார்த்து நானா ஒரு சினிமா ஓட்டி வச்சிருந்தேன். ஆபீஸ்ல துணிக்கு வேலை பார்த்த கை, வீட்டுக்கு வந்து ராஜாவை வரைஞ்சிருக்குன்னு தெரிஞ்சதும் அந்த சினிமா கொஞ்சம் ஆட்டம் கண்டுச்சு. எளிதா இருந்திருக்கும்னு சொல்லலை. சம்பளத்துக்குப் போயிட்டு வந்து கண்ணு சொருகுறப்ப கோடு போடுறது என்னன்னு எனக்கு இன்னும் தெரியாது.

போன மாசம் அப்பாவோட ஜீப்புல மேலே போனேன். ஆள் ஏத்திட்டுப் போற ஜீப்புதான், அன்னிக்கு லீவு, வண்டி காலி. போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு. பாதிக்கு மேலே மேகம் இறங்கிடுச்சு. முதல்ல தூரத்து மலையோட விளிம்பு போச்சு, அப்புறம் மரம், அப்புறம் ரோட்டோரத் தடுப்புச் சுவர். கோடுன்னு ஒண்ணும் மிச்சமில்லை. வெள்ளைக்குள்ள ஒரு பச்சை, அதுக்கு அடியில கறுத்த இன்னொரு பச்சை. போன்ல கட்டை விரல் அளவுக்குப் பார்த்த ஆதிமூலத்தோட பெயின்டிங் கண்ணாடிக்கு வெளியே முழுசா நின்னுச்சு. இருபத்தோரு வருஷமா பார்க்கிற மலைதான்.

அப்பா லைட்டைப் போட்டு மெதுவா ஓட்டிக்கிட்டிருந்தார். வேலையில சேர்றேன், ஆனா அந்தப் பரீட்சையும் எழுதப் போறேன்னு சொன்னேன். ஃபீஸ் எவ்வளவுன்னு கேட்டார். சொன்னேன். அடுத்த வளைவு வந்துச்சு. ஹார்ன் அடிச்சு, கியரைக் குறைச்சு, திரும்பி முடிச்சதுக்கு அப்புறம், “அப்பத்தா படத்துல அந்தப் பல்லை முதல்ல சரி பண்ணு”ன்னார்.