இல்லாமையும் மௌனமும்

கிழக்கு இந்தியானாவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் 1995ஆம் ஆண்டுப் பிக்கப் வண்டியொன்று உண்டு. அதன் ஆறு சிலிண்டர் எஞ்சின் தேய்ந்துபோனது. விபத்தில் நொறுங்கிய வேறொரு வண்டியின் எட்டு சிலிண்டர் எஞ்சினை வாங்கி, ஒரு குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் உழைத்துத் தாமே பொருத்தினார். முதல் முயற்சியிலேயே எஞ்சின் உயிர்பெற்றது. குரூஸ் கண்ட்ரோல் மட்டும் இயங்கவில்லை.

பிறருக்கு இது ஒரு சிறு வசதிக் குறைவு, அவருக்கு அப்படியன்று. வலது முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் அவர். மகள் செயின்ட் லூயிஸ் நகரில் இருக்கிறாள். 70ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 500 கிலோமீட்டர், ஐந்து மணி நேரப் பயணம். அவ்வளவு நேரமும் பெடலை ஒரே அழுத்தத்தில் மிதித்திருக்க அந்த முழங்காலால் இயலாது. வேகத்தைத் தானே காத்துக்கொள்ளும் வண்டி இருந்தால்தான் அவரால் மகளிடம் போய்வர முடியும்.

அவர் முறையாகவே தேடினார். ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஸ்டியரிங்கிலுள்ள பொத்தான்களின் மின்னழுத்தம் கட்டுப்பாட்டுப் பெட்டியை வந்தடைந்தது. த்ராட்டில் கேபிள் சிக்கலின்றி நகர்ந்தது. அடுத்த ஐயம் வேகச் சமிக்ஞை. கியர்பாக்ஸின் பின்முனையிலுள்ள உணரி தரும் அலையை எஞ்சின் கணினி மைலுக்கு 4000 துடிப்புகளாக மாற்றி அனுப்ப வேண்டும். புதிய எஞ்சினோடு வந்த கணினி வேறு கணக்கில் அனுப்புகிறதோ என்று எண்ணி மூன்று வாரங்களை அதிலேயே செலவிட்டார். ஆனால் அதே துடிப்புகளைக் கொண்டு இயங்கும் வேகமானியோ பிழையின்றிக் காட்டிக்கொண்டிருந்தது.

எஞ்சினை மாற்றிய பிறகு பழுது வந்தது. ஆகவே மாற்றத்தால்தான் வந்தது என்று அவர் கொண்டார். ஒன்றன்பின் ஒன்று நிகழ்வதையே காரண காரியமாகக் கொள்ளும் இந்தப் பிழை ஆய்வேடுகளிலும் அரிதன்று. அந்தக் குளிர்காலத்தில் தாம் செய்த இன்னொரு சிறு வேலையை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை. வண்டி கட்டைகளின் மேல் நின்ற நாட்களில், பின்புறப் பிரேக் விளக்குகளின் பழைய பல்புகளை எல்லாம் கழற்றிவிட்டு எல்இடி பல்புகளைப் போட்டிருந்தார்.

கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் பிரேக் பெடலிலிருந்து இரண்டு செய்திகள் வருகின்றன. ஒரு வயரில், பெடலை மிதிக்காத வரை மின்சாரம் இருக்கும், மிதித்தால் அறுந்துவிடும். மற்றது பிரேக் விளக்குக்குச் செல்லும் வயர். மிதிக்கும்போதுதான் அதில் மின்சாரம் வரும். மிதிக்காதபோது அது வெறுமையாக இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் அது பல்பின் இழை வழியாகப் பாடி எர்த்தோடு இணைந்திருக்கிறது. குளிர்ந்த இழையின் மின்தடை ஓரிரு ஓம் அளவே. அந்த இணைப்பைக் கண்டு பெட்டி, ‘விளக்குவரை வயர் நலமாக உள்ளது, பிரேக் மிதிக்கப்படவில்லை’ என்று அறிகிறது. எல்இடியில் அத்தகைய வழி இல்லை. வயர் அந்தரத்தில் தொங்குவதாகவே பெட்டிக்குத் தெரிகிறது. பிரேக்கின் நிலை உறுதியாகாதபோது அது செயல்பட மறுக்கிறது.

மொழியியல் பயின்றவர்க்கு இது புதிதன்று. தமிழில் எழுவாய் வேற்றுமைக்கு உருபு இல்லை. ஆயினும் ஏனைய உருபுகள் நிற்கக்கூடிய இடத்தில் அந்த வெறுமை நிற்பதால் அதற்குப் பொருள் உண்டு. அதே வெறுமை, வாக்கியமே பாதியில் அறுந்ததால் நேர்ந்ததாயின் அதற்குப் பொருளே இல்லை. முன்னது மௌனம், பின்னது இல்லாமை. இழைப் பல்பு இருந்தவரை அந்த வயர் மௌனமாக இருந்தது. அதைக் கழற்றியபின் வயரே இல்லாததுபோல் ஆயிற்று.

குறுக்குவழி ஒன்று இருந்தது. அந்த வயரை வெட்டி, பெட்டியின் பக்கமுள்ள முனையைப் பாடி எர்த்தில் நேரடியாக இணைத்துவிட்டால் குரூஸ் கண்ட்ரோல் உடனே இயங்கும். ஐந்து நிமிட வேலை. ஆனால் அதன்பின் அந்த வயர் எந்நாளும் ‘மிதிக்கவில்லை, மிதிக்கவில்லை’ என்றே சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டு சாட்சிகளில் ஒன்று பொய்ச்சாட்சியாகிவிடும். மற்றதும் என்றேனும் பழுதானால், பிரேக்கை மிதித்த பின்னும் வண்டி தன் வேகத்தைக் காக்கவே முயலும். அவர் வயரை வெட்டவில்லை. மேலேயுள்ள மூன்றாம் பிரேக் விளக்கில் மட்டும் பழைய இழைப் பல்பைத் திரும்பப் பொருத்தினார். மல்டிமீட்டரில் எர்த் கிடைத்தது.

இக்கருவிக்கு வித்திட்ட ரால்ஃப் டீட்டர் 1890இல் பிறந்தவர். அதே கிழக்கு இந்தியானாவின் ஹேகர்ஸ்டவுனைச் சேர்ந்தவர். ஐந்து வயதில் விபத்தொன்றால் பார்வையை இழந்தார். அவருடைய வழக்கறிஞர் காரோட்டும்போது பேசினால் வேகம் குறைவதும், கேட்டால் வேகம் கூடுவதும் அவரைத் தொல்லைப்படுத்தியதிலிருந்தே இந்த எண்ணம் பிறந்ததாகச் சொல்லப்படுகிறது. 1950இல் காப்புரிமை பெற்றார். 1958ஆம் ஆண்டுக் கிரைஸ்லர் கார்களில் அது விற்பனைக்கு வந்தது. காண இயலாதவர், உடலில் உணர்ந்த சிறு வேறுபாடுகளைக் கொண்டே குறையை இனங்கண்டார்.

அடுத்த சனிக்கிழமை ஆசிரியர் செயின்ட் லூயிஸுக்குப் புறப்பட்டார். ஹேகர்ஸ்டவுனுக்குத் திரும்பும் சாலையைக் கடக்கும்போது அவருடைய வலது கால் பெடலை விட்டு விலகி ஓய்வாக இருந்தது.