வினாடிக்கு மூன்று துடிப்பு

நிலம் சும்மா இருப்பதே இல்லை. கடலலைகள் கடல்தரையை அழுத்திக்கொண்டே இருப்பதால், சில வினாடிகளுக்கு ஒருமுறை பூமி மெல்ல அதிர்கிறது. நமக்குத் தெரியாது, நில அதிர்வுக் கருவிக்குத் தெரியும். 2003இல் ஸ்விட்சர்லாந்து ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மத்தியக் கிழக்கில் எண்ணெய் இருக்கும் இடங்களுக்கு மேலே, இந்த இயற்கை அதிர்வில் சுமார் 3 ஹெர்ட்ஸ் அருகே ஒரு மேடு தெரிகிறதாம். வெடி வேண்டாம். கருவியை வைத்துவிட்டுக் காது கொடுத்தால் போதும்.

தூத்துக்குடிக்காரனுக்கு இது ஆசை காட்டும் செய்தி. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், பவளப்பாறைகள், கடற்பசு. எல்லைக்கு அந்தப் பக்கம், இலங்கைக் கடலில், 2011இல் கெய்ர்ன் நிறுவனம் எரிவாயுவைக் கண்டது. வழக்கமான கடல் ஆய்வில், கப்பல் சில வினாடிகளுக்கு ஒருமுறை அழுத்தக் காற்றை நீருக்குள் வெடிக்கவிட்டபடியே போகும். கேட்டே கண்டுபிடிக்கலாம் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

ஆனால் சிக்னலைப் பார்த்ததும் இன்ஜினியர் புத்தி ஒன்றைத்தான் கேட்கும்: இந்த மேடு வேறு எதனாலும் வருமா? வரும். கெட்டிப் பாறைமேல் 20 மீட்டர் மணல். அதில் குறுக்கலை வினாடிக்கு 240 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தை ஆழத்தின் நான்கு மடங்கால் வகுத்தால் 3 ஹெர்ட்ஸ். ஒரு சொட்டு எண்ணெய்கூடத் தேவையில்லை. காற்று, லாரி, இயந்திரம் எல்லாமே அந்தப் பட்டையில் பேசும். லிபியத் தரவுகளை அலசிய ஆய்வாளர்கள் 2008இல் இதைத்தான் எச்சரித்தார்கள். துறைமுகமும் அனல்மின் நிலையமும் உள்ள எங்கள் ஊரில் எந்தத் துடிப்பு யாருடையது?

எங்கள் பக்கத்தில் சங்கு குளித்த ஒரு தாத்தாவிடம் கேட்டேன். "பாருல முத்து இருக்கான்னு மேல நின்னே தெரியுமா தாத்தா?"

"எப்படிடா தெரியும்? எறங்கி எடுத்து, சிப்பிய ஒடைச்சுப் பாத்தாத்தான்."

அரசும் அப்படித்தான் செய்தது. 1961இல் இங்கே நடந்த கடைசி முத்துக்குளிப்பு வரை, முதலில் பாரிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, கிடைத்த முத்துக்கு விலை மதித்த பிறகே குளிப்பை அறிவித்தார்கள். கையில் சிப்பி இல்லாமல் யாரும் கணக்குப் போடவில்லை.

கேட்கும் கருவி கடற்பசுவைத் தொந்தரவு செய்யாது, உண்மைதான். ஆனால் அது "இங்கே" என்று கைகாட்டிய பிறகு வருவது துளையிடும் கப்பல். லாரிச் சத்தத்தை எண்ணெய் என்று நம்பித் துளையிட்டாலும் கலங்குவது அதே கடல்தான்.