பூட்டிய அறையின் சாவி யாரிடம்?

வானொலியில் உங்களுக்குக் கேட்பது என் குரல் மட்டும்தான். அந்தக் குரல் உங்கள் காருக்குள் வந்து சேர்வதற்கு முன்பு ஒலிப்பதிவைக் கவனிப்பவர், பாடல்களைத் தேடியெடுத்து அடுக்குபவர், விளம்பர அட்டவணையைப் பார்ப்பவர், ஒலிபரப்புக் கருவிகளைப் பராமரிப்பவர் என்று ஐந்தாறு பேராவது வேலை செய்திருப்பார்கள். நான் ஒரு நாள் வராவிட்டால் இரண்டு பாடல்களைக் கூடுதலாக ஓடவிட்டுச் சமாளித்துவிடலாம். அவர்களில் ஒருவர் வராவிட்டால் சமாளிப்பது சிரமம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள தமிழ்ப்பள்ளிகள் வாசிப்பு வாரத்துக்கும் தன்முனைப்பு உரைக்கும் என்னை அழைக்கும்போது இதைச் சொல்வது வழக்கம். பிள்ளைகள் சிரிப்பார்கள். பின்வரிசையில் நிற்கும் ஓர் ஆசிரியர் மட்டும் சிரிக்காமல் தலையாட்டுவார். அன்றைக்கு ஒலிபெருக்கியைப் பொருத்தியவர், புரொஜெக்டரை இயக்கியவர், பதாகையை வடிவமைத்தவர், படமெடுத்துப் பள்ளியின் பேஸ்புக்கில் போடப்போகிறவர் எல்லாம் அவர்தான். விசாரித்தால், பெரும்பாலும் அவரே அந்தப் பள்ளியின் வள மைய ஆசிரியராகவும் இருப்பார்.

பெற்றோரிடம் பேசினால் எங்கும் ஒரே கேள்விதான் வருகிறது. “எங்கள் பள்ளியில் எத்தனை கணினி இருக்கிறது?” நாற்பது என்றால் மகிழ்ச்சி. பத்து என்றால் வருத்தம். அதை யார் பார்த்துக்கொள்கிறார், அந்த வேலைக்கு அவருக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

நம் நாட்டுப் பள்ளிகளில் இந்த வேலையைச் செய்பவர்கள் யார் யார்? முதலாமவர் நூலக, ஊடக ஆசிரியர். மலாய்மொழியில் ‘குரு பெர்புஸ்தகாஆன் டான் மீடியா’. ஆசிரியர் அறையில் சுருக்கமாக ஜி.பி.எம். புத்தகங்களை வாங்கி, வகைப்படுத்தி, இரவல் கொடுப்பதோடு, நீலாம் வாசிப்புத் திட்டத்தில் ஒவ்வொரு மாணவரும் எத்தனை நூல் படித்தார் என்ற பதிவும் இவர் பொறுப்பு. இரண்டாமவர் ‘ஜுருதெக்னிக்’ எனப்படும் கணினித் தொழில்நுட்பர். ஒரே ஆள் பல பள்ளிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலையில் இருப்பவர். மூன்றாமவர் மாவட்டக் கல்வி இலாகாவில் கல்வித் தொழில்நுட்பத்துக்குப் பொறுப்பேற்றிருக்கும் அதிகாரி. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருபவர் இவர். நான்காவதாக, சம்பளமே இல்லாத ஒரு படை இருக்கிறது. அவர்கள்தாம் நூலகக் கண்காணிப்பு மாணவர்கள்.

இந்தப் பொறுப்புகள் ஒரே நாளில் வந்தவை அல்ல. 1972 ஜூன் மாதம் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. எந்தப் பாடம் எத்தனை மணிக்கு வரும் என்று அட்டவணையைப் பார்த்து, மாணவர்களைத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்கார வைக்க ஓர் ஆசிரியர் தேவைப்பட்டார். 1980களில் நூல்நிலையமும் ஒலி ஒளிக் கருவி அறையும் ஒன்றாகி ‘புசாட் சும்பர்’ என்ற வள மையம் உருவானது. நூலக ஆசிரியரே கருவிகளுக்கும் காவலரானார். 1999இல் 88 பள்ளிகளோடு விவேகப் பள்ளி முன்னோடித் திட்டம் வந்தது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறியபோது மடிக்கணினிகளும் எல்.சி.டி. புரொஜெக்டர்களும் குறுந்தட்டுகளும் வந்தன. 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் டெலிமா என்ற இணையக் கற்றல் தளம் வந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் டிடிக் டிவி வந்தது.

ஒவ்வொரு முறையும் புதிய பொருள் வந்தது. ஆனால் புதிய ஆள் எப்போதும் கூடவே வரவில்லை. பல பள்ளிகளில் இருக்கிற ஆசிரியரின் பொறுப்புப் பட்டியலில் இன்னொரு வரி சேர்ந்தது, அவ்வளவுதான். நூலக, ஊடக ஆசிரியரை முழுநேரமாக அமர்த்துவதற்கான சுற்றறிக்கையே 2005இல்தான் வந்தது. முழுநேரம் என்றாலும் வகுப்புப் பாடமே இராது என்று அர்த்தமில்லை.

அமெரிக்காவில் இந்த விவாதம் முன்னதாகவே நடந்திருக்கிறது. 1969இல் அந்நாட்டு நூலகச் சங்கமும் தேசியக் கல்விச் சங்கமும் சேர்ந்து பள்ளி ஊடக மையங்களுக்கான தரநிலைகளை வெளியிட்டன. புத்தகமும் படச்சுருளும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம், ஆனால் வேலையாட்கள் வேறு வேறாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பாடத்தோடு நூலையும் கருவியையும் இணைக்கத் தெரிந்த வல்லுநர், கருவியைப் பழுதுபார்க்கும் தொழில்நுட்பர், அடுக்குதல் பதிதல் போன்ற அன்றாட வேலைக்கு ஓர் உதவியாளர். இந்த மூன்று வேலையையும் ஒருவர் தலையில் கட்டினால் மூன்றும் அரைகுறையாகத்தான் நடக்கும் என்பது எந்த அலுவலகத்திலும் தெரிந்த விஷயம்தானே!

பணம் மட்டும் போதாது என்பதற்கு நம் நாட்டிலேயே பெரிய எடுத்துக்காட்டு உண்டு. நாடு முழுவதும் ஏறக்குறைய 10,000 பள்ளிகளை இணையத்தால் இணைக்க ‘ஒன் பெஸ்தாரிநெட்’ திட்டம் வந்தது. அதனுடன் ஒரு மெய்நிகர் கற்றல் தளமும் வந்தது. 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை, ஆய்வு செய்யப்பட்ட பள்ளிகளில் அந்தத் தளத்தின் பயன்பாடு 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை என்று சொன்னது. 2019இல் திட்டம் முடிவுக்கு வந்தது. இணைய வேகம், கருவிப் பற்றாக்குறை என்று காரணங்கள் பல உண்டு. ஆனால் அக்காலத்தில் பணியாற்றிய ஆசிரியர்கள் என்னிடம் சொன்னது இது: “ஒரு நாள் பயிற்சி கொடுத்தாங்க. மறுவாரம் சந்தேகம் வந்தப்போ கேக்க ஆள் இல்லை.”

அண்மையில் கிள்ளானில் ஒரு பள்ளியின் வள மைய ஆசிரியரோடு ஒரு காலைப் பொழுதைக் கழித்தேன். பெயர் வேண்டாம் என்றார். மணி ஏழேகாலுக்குச் சபைகூடலுக்கு ஒலிபெருக்கி. பிறகு நான்காம் ஆண்டுக்கு இரண்டு பாடவேளை தமிழ். அது முடிந்ததும் வள மையத்தைத் திறக்கப் போனவரை அலுவலகத்தில் பிடித்துக்கொண்டார்கள். ஓர் ஆசிரியர் மருத்துவ விடுப்பு. ‘ரிலீஃப்’ போக வேண்டும். பத்து மணி ஓய்வு நேரத்தில்தான் கதவு திறந்தது. வாசலில் இருபது பிள்ளைகள் காத்திருந்தார்கள். இருபது நிமிடத்தில் பதினோரு பேருக்குத்தான் புத்தகம் கிடைத்தது. மற்றவர்கள் மணியடித்ததும் வகுப்புக்கு ஓடிவிட்டார்கள்.

அவர் கைப்பையில் ஒரு சாவிக் கொத்து இருந்தது. வள மையம், கணினி அறை, கருவி அலமாரி, ஒலிபெருக்கிப் பெட்டி என்று ஒவ்வொன்றிலும் சிறு தாள் ஒட்டி எழுதியிருந்தார். “பாரும்மா, அடுத்த வருஷம் நான் ஓய்வு பெறுறேன். இதை யாருகிட்ட குடுக்கிறதுன்னு இன்னும் யாரும் சொல்லலை” என்றார்.

பெரிய பள்ளிகளில் ஒருவர் போனால் இன்னொருவரைப் பழக்கலாம். கிள்ளான் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி போல நூற்றுக்கணக்கான மாணவர்கள் படிக்கும் பள்ளிகளில் ஆசிரியர் எண்ணிக்கையும் அதிகம். 150 மாணவர்களுக்கும் குறைவாக உள்ள பள்ளிகளைக் கல்வி அமைச்சு ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்று வகைப்படுத்துகிறது. தோட்டங்கள் இருந்த இடங்களில் எஞ்சி நிற்கும் நம் பள்ளிகளில் பல அந்த வகைதான். அங்கே ஏழெட்டு ஆசிரியர்கள் எல்லாவற்றையும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒருவரே வகுப்பாசிரியர், வள மையப் பொறுப்பாளர், கணினி அறைப் பொறுப்பாளர், கால்பந்துக் குழுவுக்கும் பொறுப்பாளர்.

கணினித் தொழில்நுட்பரின் நிலையையும் சொல்ல வேண்டும். புகாரை இணையத்தில் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறோம். அவர் வரும்போது பள்ளியில் தேர்வு நடக்கும். தேர்வு முடிந்த பிறகு அவர் வேறொரு பள்ளியில் இருப்பார். தமிழ்ப்பள்ளிக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. நான் சந்தித்த ஒரு மலாய் இளைஞர், பழைய கணினி ஒன்றைச் சுத்தம் செய்து புதிதாக மென்பொருளை ஏற்றிக் கொடுத்திருக்கிறார். கோப்பைத் திறந்தால் புரியாத குறிகள் வரிசையாக ஓடுகின்றன. பதறிப்போய், “சிக்கு, இனி வைரஸ் கா?” என்று ஆசிரியரைக் கேட்டிருக்கிறார். வைரஸ் இல்லை. யூனிகோடு பரவுவதற்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட பதினைந்து ஆண்டுத் தமிழ்ப் பயிற்சித்தாள்கள் அவை. எழுத்துரு போனதும் கோப்பும் வாசிக்க முடியாததாகிவிட்டது.

முரசு என்ற தமிழ் மென்பொருளை 1985இல் உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். கணினியில் தமிழ் என்ற துறையில் உலகத்துக்கே நாம் பங்களித்திருக்கிறோம். அப்படியிருந்தும், ஒரு பள்ளியின் பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றி வைக்க ஒரு மாலைப் பொழுதை ஒதுக்க ஆள் கிடைப்பதில்லை. வேலை கடினமானதன்று. மாற்றிகள் இணையத்திலேயே உள்ளன. அந்த வேலை இன்னாருடையது என்று எழுதி வைக்கப்படவில்லை என்பதுதான் சிக்கல்.

நூல்களுக்கும் இதே கதை. பள்ளி நூலகங்கள் பின்பற்றும் டூயி பதின்மப் பகுப்பில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811 என்று தனி எண் உண்டு. அந்த எண்ணைத் தெரிந்த ஒருவர் இருந்தால், நம் மலேசிய எழுத்தாளரின் சிறுகதைத் தொகுப்பு அலமாரியில் தன் இடத்தில் இருக்கும். தெரியாதவர் கையில் போனால் ‘புக்கு தமிழ்’ என்று மொத்தமாக ஒரு பெட்டிக்குள் போய்விடும். பெட்டிக்குள் போன புத்தகத்தை எந்தப் பிள்ளை தேடி எடுக்கும்?

பிரிக்ஃபீல்ட்சில் இருப்பவர்களுக்குப் புத்தகக்கடை பக்கத்தில் இருக்கிறது என்று நினைக்கலாம். காப்பார், மேரு, பந்திங் பக்கம் உள்ள அடுக்குமாடி வீடுகளில் வளரும் பிள்ளைக்கு அது எளிதில் போய்வரும் தூரமல்ல. வீட்டில் தமிழ்ப் புத்தகம் இல்லாத குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தமிழ் நாளிதழ்கூட வாங்காத வீடுகள் உண்டு. அந்தப் பிள்ளை பாடநூல் அல்லாத ஒரு தமிழ்ப் புத்தகத்தை இலவசமாகக் கையில் எடுக்கும் இடம் பள்ளி வள மையம் ஒன்றுதான். அந்தக் கதவு வாரத்தில் எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது என்பது, அந்தப் பிள்ளை படிவம் ஒன்றுக்குப் போன பிறகும் தமிழ் படிக்குமா என்பதோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

எனக்கு இதில் தனிப்பட்ட அக்கறை உண்டு. நான் தொடக்கப்பள்ளியில் நூலகக் கண்காணிப்பு மாணவி. நீல நிறக் கழுத்துப்பட்டை. ஓய்வு நேரத்தில் இரவல் அட்டையில் தேதி முத்திரை குத்துவது என் வேலை. எங்கள் வள மைய ஆசிரியர்தான் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் என் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்து, “இந்த வாரம் வந்த புதுப் புத்தகங்களோட பேரை நீயே வாசி” என்றார். வாயை எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும், ‘ப’வை எப்படி மெதுவாகச் சொல்ல வேண்டும் என்பதை அவர் காட்டினார். பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் படித்தபோது அதே பாடம் மீண்டும் வந்தது. எனக்கு அது புதிதாக இருக்கவில்லை. அந்த ஆசிரியருக்கு அன்றைக்கு ரிலீஃப் வகுப்பு போட்டிருந்தால் நான் இன்று என்ன வேலை பார்த்துக்கொண்டிருப்பேனோ!

அரசாங்கம் ஆள் போடட்டும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. பணியிடங்களை அமைச்சுதான் முடிவு செய்யும். அதற்காகக் குரல் கொடுக்க வேண்டியதும் அவசியம். அதுவரை பெற்றோர் ஆசிரியர் சங்கம் செய்யக்கூடியவை இருக்கின்றன. காலையில் நேரமுள்ள இரண்டு பெற்றோர், தலைமையாசிரியர் அனுமதியோடு வாரம் இருமுறை புத்தகம் அடுக்கவும் இரவல் பதியவும் வரலாம். கணினித் துறையில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர் ஒருவர் பள்ளி விடுமுறையில் ஒரு நாள் வந்து பழைய தமிழ்க் கோப்புகளை மாற்றிக் கொடுக்கலாம். எந்தக் கருவி எங்கே இருக்கிறது, எது பழுது, எந்தக் கணக்கை யார் நிர்வகிக்கிறார் என்று ஒரு குறிப்பேடு எழுதி வைக்கலாம். சாவிக் கொத்து கைமாறும்போது அந்தக் குறிப்பேடும் கைமாறும்.

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணினி எத்தனை என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். வள மையத்துக்குப் பொறுப்பானவர் யார்? அவருக்கு வாரத்தில் அதற்கென்று எத்தனை பாடவேளை ஒதுக்கப்பட்டுள்ளது? அவர் ஓய்வு பெற்றாலோ மாறிப்போனாலோ அடுத்தவர் யார்? இந்த மூன்றையும் கேளுங்கள். பணிவாகவே கேளுங்கள், தலைமையாசிரியரும் ஆள் பற்றாக்குறையில் தவிப்பவர்தான். “பார்த்துச் சொல்கிறோம்” என்று பதில் வந்தால், எந்தத் தேதிக்குள் என்று கேட்டுக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.